நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட்

பஸ் இன்னும் கிளம்பவில்லை. ரெண்டு பத்துக்கு எடுத்துவிடுவோம் என்று சொன்ன கண்டக்டர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறார், மணி ரெண்டு பதினாறு, டம்ளரில் இன்னும் பாதி இருக்கிறது, ஊதுகிறார், ஒரு வாய் குடிக்கிறார், யாரையோ பார்த்துச் சிரிக்கிறார், மறுபடி ஊதுகிறார். கரூரிலிருந்து நாமக்கல் ஒண்ணேகால் மணி நேரம். இப்போது எடுத்தால் மூணரை. மூணரைக்கு இறங்கினால் மகள் வீடு எட்டு நிமிஷ நடை, வேகமாக நடந்தால் ஆறு, ஓடினால் இன்னும் குறையும், ஐம்பத்திரண்டு வயதில் நான் எங்கே ஓடுவது, ஆனால் ஓடுவேன். சம்பந்தியம்மா சாரதாமணி ரெண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். போனைச் சத்தம் வராமல் செய்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பார். நாலு மணிக்கு முகம் கழுவி வந்து கூடத்துச் சோபாவில் உட்காருவார், என் மகள் தாரணி காபி கொண்டுவந்து கொடுப்பாள், கொடுத்துவிட்டு மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து போனை வாங்கி அன்றைக்கு வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படிப்பாள், பேசி அனுப்பியதையெல்லாம் சத்தமாகப் போட்டுக் காட்டுவாள். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்தப் பழக்கம். எனக்குக் கண்ணு கூசுது, நீ போடு அம்மிணி, நான் கேட்டுக்கறேன் என்பார். இன்றைக்கு அந்தப் போனுக்குள் நான் இருக்கிறேன். நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட் பேசியிருக்கிறேன். என் அக்காவுக்கு என்று நினைத்துப் பேசினேன். அந்தம்மாவின் காதுக்கு ஒரு சாண் கீழே, தலையணைக்கு அடியில், வாயைத் திறக்கக் காத்துக்கொண்டு கிடக்கிறேன். கண்டக்டர் டம்ளரை வைத்துவிட்டார். இல்லை, தின்ன ஒரு வறுக்கி ரொட்டி எடுக்கிறார்.

யாரைக் குற்றம் சொல்வது. பண்ணாரி அம்மனைக் குற்றம் சொல்ல முடியுமா. காலையில் கம்பெனியிலிருந்து இறக்கிவிட்டுப் போன சமையலறைத் துண்டு முந்நூறு உருப்படி, எல்லாவற்றிலும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறை வெட்ட வேண்டும், சாயங்காலம் வண்டி வரும். மடியில் துண்டு, ஒரு கையில் பிசிறு வெட்டுகிற கத்திரி, இன்னொரு கையில் போன். ஏழாவதோடு நின்றவள் நான். தமிழ் என்றால் கூட்டாமல் படிப்பேன், போனில் பெயரெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, தாரணிதான் போட்டுக் கொடுத்தாள், அதை நான் எங்கே எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பது, படத்தைப் பார்ப்பேன், தொடுவேன், பேசுவேன். தாரணி என்றால் அவளும் மாப்பிள்ளையும் ஊட்டியில் நிற்பது. சம்பந்தியம்மா என்றால் மஞ்சள் ரோஜா. தாராபுரத்து அக்கா என்றால் மூணு வருஷமாகப் பண்ணாரி அம்மன், வேப்பிலை மாலையோடு. இன்றைக்கு ஆடி வெள்ளி. ரோஜாவை எடுத்துவிட்டு அம்மனை வை என்று அந்தம்மா சொல்லியிருப்பார், தாரணி வைத்திருப்பாள், புதுசாக எங்கே தேடுவது என்று பெரியம்மா வைத்திருக்கிற அதே படத்தையே எடுத்து வைத்திருப்பாள், வேறு எப்படி அதே வேப்பிலை மாலை வரும். மேலே முதலில் இருந்த அம்மனைத் தொட்டேன். பேசினேன். பேசி முடித்து அக்கா கேட்டுவிட்டாளா என்று திறந்து பார்த்தால், நான் பேசியதற்கு மேலே ஒரு தாமரைப் பூ, இனிய ஆடி வெள்ளி வாழ்த்துகள். அக்கா எனக்கு ஒருநாளும் வாழ்த்து அனுப்பியதில்லை. அக்காவுக்கு அனுப்பத் தெரியாது. ரெண்டு விரலுக்கு நடுவில் கத்திரி அப்படியே நின்றுவிட்டது.

அழித்தேன். அதைச் சொல்ல வேண்டும், நான் சும்மா இருக்கவில்லை. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினேன், குப்பைத்தொட்டி வந்தது, அதைத் தொட்டேன், இங்கிலீஷில் மூணு வரி வந்தது, நடுவில் இருந்ததைத் தொட்டேன், போய்விட்டது. இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அம்மா தாயே என்று எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கை ஓடவில்லை. முக்கில் இருக்கிற ரீசார்ஜ் கடைக்குப் போய்க் கேட்டேன். அவன் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, இது ஆளுக்கொரு நோட்டு மாதிரி, நீங்க உங்க நோட்டுல மட்டும் அழிச்சிருக்கீங்க. அவங்க நோட்டுல அப்படியே இருக்குது. மேல இருந்த வரியத் தொட்டிருக்கோணும்." இப்போது தொடலாமா என்றேன். "இப்பத் தொடறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்குது? நீங்கதான் சுத்தமாத் தொடச்சுட்டீங்களே." சொல்லிவிட்டு, "அப்படி என்னத்த அனுப்பினீங்க, லவ் லெட்டரா?" என்றான். கடையில் நின்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு இப்போது ஆறவில்லை, நானும் சிரித்தேன். அவங்க போன் என் கைக்குக் கிடைத்தால் என்ன செய்யணும் தம்பி என்று கேட்டேன். அழுத்திப் பிடியுங்க, குப்பைத்தொட்டி வரும், அப்புறம் மேல இருக்கற வரியத் தொட்டாப் போயிரும் என்றான். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றவில்லை, அதையே இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். துண்டு முந்நூறும் தரையில் கிடக்கிறது.

எடுத்துவிட்டார்கள். ரெண்டு இருபத்தொண்ணு. பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருக்கிறாள், என் வயதிருக்கும், மடியில் பூக்கூடை, உட்கார்ந்ததும் போனை எடுத்துவிட்டாள், அதில் யாரோ வெண்டைக்காய் வதக்குகிறார்கள். பொண்ணு வீட்டுக்குங்களா என்றாள். ஆமாங்க என்றேன். "ஆடி வெள்ளியும் அதுவுமா வெறுங்கையோட போறீங்க? ஒரு மொழம் பூவாச்சும் வாங்கிக்கலாமில்ல?" எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கையில் ஒன்றுமே இல்லை. பர்ஸ், போன், அவ்வளவுதான். இதற்குமுன் ஒருநாளும் நான் வெறுங்கையோடு போனதில்லை, மாசம் ஒருதரம் போவேன், பழம், பூ, அரைக்கிலோ பலகாரம், பலகாரத்துக்கு அடியில் தாரணிக்கு மாத்திரை. அவளுக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு. அதை நான் வாய்விட்டுச் சொன்ன ஆள் உலகத்தில் அக்கா ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் வரவே இல்லை, டாக்டர்கூட மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போதும், தாராளமாகக் கட்டிக்கொடுங்கள் என்றார், ஆனால் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். தாரணியும் அதைத்தான் சொன்னாள். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்குச் சாயங்காலம், நான் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து நின்று, "சொல்லிரலாம்மா, அவங்க வேண்டாம்னா வேண்டாம்னு போகட்டும்" என்றாள். வாயை மூடு என்றேன். இன்னொருதரம் இந்தப் பேச்சு உன் வாயிலிருந்து வந்தால் நான் இருக்க மாட்டேன் என்றேன். மூடிக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக மூடிக்கொண்டிருக்கிறாள். சத்து மாத்திரை டப்பாவுக்குள் அந்த மாத்திரையைப் போட்டு வைத்துச் சாப்பிடுகிறாள். அவள் வாயை மூடிவிட்டு நான் என் வாயைத் திறந்து, அதுவும் யாரிடம். வெண்டைக்காயில் தேங்காய் போடுகிறார்கள்.

திங்கட்கிழமை மாடியில் துணி காயப்போடும்போது மறுபடி வந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. கையில் இருந்த போன் தெறித்து விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது, வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள், மாப்பிள்ளை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார், ஒண்ணாம் தேதிக்கு மேல் புதுசே வாங்கித் தருகிறேன் என்றாராம், நல்ல பையன், அவரிடம் சொல்லியிருக்கலாமோ. புதன்கிழமை மாமியார் போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு என்னிடம் சொன்னாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவில், "மறுபடி வந்துருச்சும்மா." அவ்வளவுதான் சொன்னாள். அதைத்தான் நான் இன்றைக்கு நாலு நிமிஷமாக விரித்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது நான் அவளிடம் பேச வேண்டும் என்றால் ஒரே ஒரு போன்தான் இருக்கிறது, அந்தப் போன். பஸ்ஸில் ஏறியதும் பதறிப்போய் மூணு தரம் அடித்தும்விட்டேன், நல்லவேளை எடுக்கவில்லை, நல்லவேளையா கெட்டவேளையா தெரியவில்லை. மாப்பிள்ளை தீவன மில்லில் இருப்பார், அவரிடம் என்னவென்று சொல்வது. பக்கத்து வீடு ஒரு மருந்துக்கடைக்காரர் வீடு, அந்தப் பெண் என்னைப் பார்த்தால் வாங்க என்று சிரிக்கும், பெயர் தெரியாது, நம்பர் தெரியாது. அந்தத் தெருவில் நாற்பது வீடு, நாற்பது வீட்டிலும் ஆளுக்கு ஒரு போன், அதில் ஒன்றில்கூட என்னால் மணி அடிக்க முடியாது. அந்தக் காலமாக இருந்தால் இப்படி ஆகியிருக்குமா. ரெண்டு மூணு ஏழு நாலு ஒண்ணு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தாரணியின் இப்போதைய நம்பர் எனக்குத் தெரியாது, அது போனுக்குத்தான் தெரியும்.

அது லூர்து டீச்சர் வீட்டு நம்பர். எங்கள் லைன் வீட்டில் பதினோரு குடித்தனத்துக்கும் அதுதான் நம்பர், கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த நம்பரைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று போடுவோம், அப்படியென்றால் பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டால் கூப்பிட்டு விடுவார்கள். முக்காலிமேல் பின்னல் துணி போர்த்தி வைத்திருப்பார் டீச்சர், சுழற்றுகிற வட்டத்தில் ஒரு சின்னப் பூட்டு. வெளியிலிருந்து வருகிற போனுக்குப் பூட்டு ஏது, மாடி கிரில்லைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கக் கத்துவார், "தெய்வானை! தாராபுரம்! ஓடியா, உங்கக்காளுக்குக் காசு ஓடுது!" மாவுக் கையோடு ஓடுவேன். போய் எடுத்தால் பேச ஒன்றும் இருக்காது. டீச்சர் நாற்காலியில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார், அவர் வீட்டுக்காரர் பேப்பர் படிப்பார், அடுத்த போனுக்குக் காத்திருக்கிற கீழ்வீட்டுக்காரி கதவில் சாய்ந்து நிற்பாள். நல்லாருக்கியா, நல்லாருக்கேன், சாப்பிட்டியா, மழையா, வெச்சரட்டுமா. அவ்வளவுதான். மனதில் மலை மாதிரி இருக்கும், சொல்ல வராது, மாவு காய்ந்து கையில் இழுக்கும். அப்போது அழுகையாக வரும், அக்காளிடம்கூட ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லையே என்று. தனியாகப் பேச ஒரு போன் வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். கிடைத்தது. தனியாக உட்கார்ந்து, சுற்றிலும் துண்டைப் பரப்பிக்கொண்டு, ஒரு மனுஷ முகம் எதிரில் இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கதவில் சாய்ந்து நின்றிருந்தால் நான் பேசியிருப்பேனா.

தாரணிக்கு முதல்முதல் வந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து அந்த நம்பருக்குத்தான் அடித்தார்கள். டீச்சர் கத்தவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு அவர் மாடியிலிருந்து கத்தவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே இறங்கி வந்தார், வாசலில் நான் நாலு பேரோடு குழாயடியில் நிற்கிறேன், ஒன்றும் சொல்லாமல் என் குடத்தை வாங்கிக் கீழே வைத்தார், உள்ளே கூட்டிக்கொண்டு போய், மொதல்ல தண்ணி குடி என்றார். குடித்தேன். அப்புறம் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருடைய மூக்குக்கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கெட்ட செய்தியும் அன்றைக்கு ஒரு ஆளோடுதான் வந்தது, நான் விழுந்தால் பிடிக்க. ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். யாருக்கும் சொல்லவில்லை. பதினோரு குடித்தனத்துக்கும் போன் வைத்திருந்த மனுஷி, சாகும் வரைக்கும் ஒரு வார்த்தை வெளியே போகவில்லை. பஸ் நின்றுவிட்டதா. நின்றுவிட்டது. ஏன் நிற்கிறது.

பரமத்தி வேலூர். தீர்த்தக்குடம் போகிறது. மஞ்சள் சேலைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு வருகின்றன, குடம் குடமாகக் காவிரித் தண்ணீர், வேப்பிலை, முன்னால் மேளம். மணி மூணு பத்து. "எவ்வளவு நேரமாகுமுங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன். "அம்மனக் கேட்டுச் சொல்றேனுங்க" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுக்கிறார்கள், பக்கத்து அம்மாள் என் மடிமேல் சாய்ந்து எடுக்கிறாள், கொஞ்சம் தலைய அந்தப் பக்கம் வெச்சுக்கங்க என்கிறாள். யாரும் கும்பிடவில்லை, கையில் போன் இருக்கும்போது எப்படிக் கும்பிடுவது. நான் கும்பிட்டேன். தாயே, அந்தம்மா இன்னும் அரைமணி கூடத் தூங்கட்டும். உன் படத்தை வைத்ததால்தான் இந்த வினை வந்தது, நீயே தூங்க வை. மூணு இருபது. மூணு இருபத்தஞ்சு. மேளக்காரன் நின்று நின்று அடிக்கிறான்.

ஒருதரம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பாழும் மனசு இன்னும் விடமாட்டேன் என்கிறது. எனக்குக் கல்யாணமாகி எட்டாம் மாசம், என் வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர், எதற்கோ என்னைக் கன்னத்தில் அடித்துவிட்டார், என்ன காரணம் என்பதுகூட இன்றைக்கு ஞாபகம் இல்லை. அவர் வேலைக்குப் போனதும் ஒரு இன்லேண்ட் லெட்டரில் அக்காவுக்கு எழுதினேன். இடம் பத்தாமல் ஓரத்திலெல்லாம் எழுதினேன், நான் அங்கே வந்துவிடுகிறேன், என்னால் இங்கே இருக்க முடியாது. மாவு மில் பக்கத்துப் பெட்டியில் போட்டேன். போட்டு நாலு எட்டு வைத்திருக்க மாட்டேன், ஐயோ என்று நின்றேன். அக்கா வீட்டில் கடிதாசி வந்தால் அவள் மாமனார்தான் பிரிப்பார், பிரித்து நடுவீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கப் படிப்பார், அது அந்த வீட்டு வழக்கம், அதனால்தான் நாங்கள் நலம் நலமறிய ஆவல் தவிர ஒன்றும் எழுதுவதில்லை. கோபத்தில் மறந்துவிட்டேன். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கைகூடப் போகவில்லை. தகரத்தில் போட்டிருந்தது, அடுத்த எடுப்பு நாலு மணி. அந்தப் பெட்டிக்கு அடியிலேயே உட்கார்ந்தேன். இதே நேரம்தான், ரெண்டிலிருந்து நாலு. வெயில். மில்லிலிருந்து மிளகாய்த்தூள் நெடி வந்து கண் எரிந்தது, போகிறவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள், அழுதுகொண்டும்தான் இருந்தேன்.

நாலு மணிக்குத் தபால்காரர் சைக்கிளில் வந்தார். நான் எழுந்து நின்று சொல்லச் சொல்லப் பெட்டியைத் திறந்து பையில் தட்டிக்கொண்டே, "உள்ள விழுந்துட்டா அது சர்க்கார் சொத்தும்மா. எடுத்துக் குடுத்தா என் வேல போயிரும்" என்றார். "கால்ல விழறேனுங்கண்ணா" என்றேன். "கால்ல எதுக்கு விழறே, பை மேல விழுந்துராதே." அப்புறம் என் கன்னத்தைப் பார்த்தார். விரல் பதிந்திருந்தது. பையை அப்படியே மில் படியில் கவிழ்த்துவிட்டு, "நான் ஒரு பீடி பத்தவெச்சுக்கறேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூணு குச்சி கிழித்தார். மூணும் அணைந்தது, காற்றே இல்லை, எப்படி அணையும். நாலாவது குச்சிக்குள் என் நீலக் காகிதம் என் கையில் இருந்தது. திரும்பிப் பார்த்து, "கோழி கெளறினாப்புல எழுதியிருக்கறே, உன்னோடதுதான், போ" என்றார். அடுப்பில் போட்டேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர் ஒன்றும் நடக்காதது மாதிரி மல்லிகைப் பூ வாங்கி வந்தார். அப்புறம் அடிக்கவில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, அவர் என்னை அடித்தார் என்று அக்காவுக்குக்கூட இன்றுவரை தெரியாது. அது என்னோடு போகும். போட்ட கடிதாசியை எடுக்கவிட்டு ஒரு மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றதால் நான் குடித்தனம் செய்தேன், ஒரு பெண்ணைப் பெற்றேன். இந்தப் போனுக்குள் யார் இருக்கிறார்கள். யார் காலில் விழுவது. ரீசார்ஜ் கடைக்காரன் சிரிக்கிறான்.

பஸ் நகர்ந்து பரமத்தி தாண்டும்போது மூணு நாற்பத்தெட்டு. இனி நாலு மணிக்குள் போக முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது, ஆனாலும் காபி போட அஞ்சு நிமிஷம், முகம் கழுவ அஞ்சு நிமிஷம், இன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு துடைக்கிற வேலை இருக்கும், போனை உடனே எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் வாழ்த்துப் படம் ஐம்பது வந்திருக்கும், ஒவ்வொன்றாகத்தான் வருவார்கள். இப்படிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போதே நாலு மணிக்குப் போன் அடித்தது. பண்ணாரி அம்மன். அக்காவா, அந்தம்மாவா. பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து அம்மாள், "எடுங்க, சாமியே கூப்புடுது" என்றாள். எடுத்தேன். "அம்மா, ஸ்பீக்கர்ல இருக்குதும்மா" என்றாள் தாரணி. எப்போது பேசினாலும் முதலில் இதைத்தான் சொல்வாள், நான் ஏதாவது உளறிவிடக் கூடாதே என்று. அதற்குள் சம்பந்தியம்மா குரல், தூக்கக் கலக்கத்தோடு, நல்ல சந்தோஷமாகத்தான் இருந்தது. "என்னங்க சம்பந்தி, மூணு தடவ கூப்புட்டிருக்கீங்க? ஒடம்பு கிடம்பு நல்லாருக்குதுங்களா?" நல்லாருக்கேனுங்க என்றேன். "பஸ் சத்தமாட்டக் கேக்குது?" இங்கதாங்க, பக்கத்துல ஒரு வேலையா என்றேன். எதற்குப் பொய் சொன்னேன் தெரியவில்லை. "தாரணிகிட்ட ஒரு வார்த்தை, ஸ்பீக்கர் வேண்டாங்க, எனக்கு எரைச்சலாக் கேக்குது" என்றேன். "எனக்கு நல்லாத்தானுங்க கேக்குது, சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்." தாரணி மூச்சு விடுவது கேட்டது. "என்னமோ பேசி வேற அனுப்பிருக்கீங்களாட்ட இருக்குது, நாலு நிமிசம். காபியக் குடிச்சுப்போட்டுத்தான் போட்டுக் கேக்கோணும்" என்றார். அங்கேதான் நான் கெடுத்தேன். சும்மா இருந்திருந்தால் தாரணி எப்படியாவது, அவள் கெட்டிக்காரி, தவறிப்போய் அழிந்துவிட்டது என்றாவது ஏதாவது செய்திருப்பாள். நான், "அதக் கேக்காதீங்க, அது தப்பா வந்துருச்சு, அது உங்களுக்கில்ல" என்றேன். அந்தம்மா சிரித்தார். "அப்படி என்னங்க சம்பந்தி எனக்குத் தெரியாத ரகசியம்?" டவர் இல்லாமல் அங்கேயே அறுந்துபோனது. மறுபடி கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவேன். ஜன்னலுக்கு வெளியே கோழிப்பண்ணைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, நீள நீளமாக, எல்லாம் ஒரே மாதிரி.

இறங்கியபோது நாலு பதிமூணு. பூக்கடையைத் தாண்டினேன், வாங்கவில்லை. ஓடத்தான் செய்தேன், செருப்பு ஒன்று வார் அறுந்து இழுத்துக்கொண்டே வந்தது, மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பெண் வாங்க என்று சிரித்தாள், நான் சிரித்தேனா தெரியவில்லை. வீட்டு கேட் உள்பக்கம் தாழ்ப்பாள். கம்பிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நான் பேச ஆரம்பித்துவிட்டேன். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. "அக்கா, சாப்பிட்டியா? நான் இன்னும் சாப்பிடல, கையில வேல." என் குரல் இப்படியா இருக்கும். இவ்வளவு சலிப்பாக, இவ்வளவு உரிமையாக. சம்பந்தியம்மா சிரித்தார், "என்னைய அக்காங்கறாங்க பாரு உங்கம்மா. இதச் சொல்றதுக்கா அந்த வெக்கம்?" உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தார். தாழ்ப்பாள் விரலில் பட்டுப்பட்டு நழுவுகிறது. தாரணி என்று கூப்பிட வாயைத் திறந்தேன். நான் திறந்த அதே நேரத்தில் உள்ளே நான் சொன்னேன், "மறுபடி வந்துருச்சுக்கா அவளுக்கு. அதே வலிப்பு. அந்தம்மாவுக்குத் தெரியாம ஒன்றரை வருசம் ஓட்டியாச்சு, இனி எப்படி..."

நின்றது. தாரணி நிறுத்தியிருப்பாள். ஜன்னலில் திரை ஆடவில்லை, காபித் தம்ளர் வைக்கிற சத்தம் ஒன்று கேட்டது. தாழ்ப்பாளில் என் கை அப்படியே இருந்தது. அப்புறம் சம்பந்தியம்மாவின் குரல், சிரிப்பெல்லாம் போன குரல், சத்தம்கூடப் போடவில்லை.

"எதுக்கு நிறுத்தினே? போடு."

கம்பிக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே நான் மறுபடி பேச ஆரம்பித்தேன். வெளியே வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்னும் மூணரை நிமிஷம் நான் பேச வேண்டியிருந்தது.